கைக்கு ஒரு கெடு உண்டு

ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாட்டுக்கு வருகிறவர்கள் பெருமாளின் நடையழகைக் கண்டு உருகுவார்கள். அந்த நடையைத் தாங்குவது ஸ்ரீபாதம்தாங்கிகளின் தோள். வாகனத்தின் தண்டு அவர்களுடைய கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே, சதை திரண்ட இடத்தில் அமர்ந்திருக்கும். திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களும் ஏறக்குறைய அங்கேதான் பாரத்தை ஏற்றுகிறார்கள். அந்த இடத்துக்குச் சற்று முன்னால், காறை எலும்புக்குப் பின்புறமாக, கையை இயக்கும் நரம்புகள் ஒரே கொத்தாக இறங்குகின்றன.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து நான்கு வேர்கள், மார்புப் பகுதியிலிருந்து ஒன்று, ஆக ஐந்து. இவை கூடி, பிரிந்து, மறுபடி கூடி, அக்குளைத் தாண்டும்போது ஐந்து முக்கிய நரம்புகளாக வெளிவருகின்றன. இந்தப் பின்னலை டாக்டர்கள் பிரேக்கியல் பிளெக்சஸ் என்பார்கள். மேல் வேர்கள் தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும் உதவும். கீழ் வேர்கள் விரல்களை ஆளும்.

பாரம் மட்டும் அழுத்தினால் இந்தப் பின்னல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கனமான முதுகுப்பையை நாள் முழுதும் சுமந்த ராணுவ வீரர்கள் சிலருக்குத் தோள் தூக்க முடியாமல் போனதை மருத்துவ நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. பாரத்தை இறக்கி ஓய்வு கொடுத்ததும் அவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் தேறிவிட்டார்கள். பின்னல் தாங்காதது திடீர் இழுப்பை.

அந்த இழுப்பு இன்று பெரும்பாலும் பைக்கிலிருந்துதான் வருகிறது. சென்னை, மதுரை, தஞ்சாவூர், கரூர் என்று திருச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் தேசிய நெடுஞ்சாலை. வேகமாகப் போகும் பைக்கிலிருந்து எறியப்படுகிறவரின் தோள் தரையில் மோதிக் கீழே தள்ளப்படும். தலையோ எதிர்ப்பக்கம் சாயும். கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலான தூரம் ஒரு நொடியில் விரிகிறது. நடுவில் இருக்கும் நரம்புகள் நைந்துபோகின்றன, அறுகின்றன, சில சமயம் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வருகின்றன. தலைக்கவசம் உயிரைக் காப்பாற்றிவிடும். காயம் ஆறி வீட்டுக்கு வந்த பிறகுதான், வலது கை தோளிலிருந்து சும்மா தொங்குவது குடும்பத்தாருக்கு உறைக்கும். இருபது, இருபத்தைந்து வயதில், சம்பாதிக்கத் தொடங்கிய பருவத்தில் இப்படி ஆகிறவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

நரம்பு எந்த அளவுக்குச் சேதப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் காயங்களைக் கவனித்த பிரிட்டிஷ் மருத்துவர் ஹெர்பர்ட் செடன் 1943இல் இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார். நரம்பை வாழைநாரில் திரித்த கயிறு என்று வைத்துக்கொள்வோம். முதல் நிலையில் கயிறு நசுங்கியிருக்கும், நார் எதுவும் அறுந்திருக்காது. சில வாரங்களில் தானே சரியாகும். இரண்டாம் நிலையில் உள்நார்கள் அறுந்திருக்கும், மேலுறை பிழைத்திருக்கும். உறையே வழிகாட்ட, நார்கள் மறுபடி வளரும். மூன்றாம் நிலையில் கயிறே துண்டாகிவிடும். இதற்கு அறுவைச் சிகிச்சை வேண்டும். முதல் நாளில் மூன்றும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும்: அசையாத, மரத்துப்போன கை. ஒரு குறிப்பு மட்டும் வீட்டாரே பார்க்கலாம். அடிபட்ட பக்கத்துக் கண்ணிமை சற்றுத் தொங்கி, கண்மணி சிறுத்திருந்தால், கீழ் வேர் பிடுங்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அறுந்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். கழுத்திலிருந்து விரல் வரை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் என்றால் 700 நாள், கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. ஆனால் நரம்பின் கட்டளை வராத தசை அவ்வளவு காலம் காத்திருக்காது. 12 முதல் 18 மாதங்களுக்குள் அது மெலிந்து இறுகி, பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் எழுந்திருக்காது. அதனால்தான் விபத்து நடந்து மூன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் அந்த ஆறு மாதமும் எங்கே போகிறது? எண்ணெய் போட்டு நீவுவதிலும், “எலும்பு கூடிடுச்சு, கையும் தானா வந்துடும்” என்ற ஆறுதலிலும் போய்விடுகிறது. நீவினால் நரம்பு ஒட்டாது.

அறுவைச் சிகிச்சையில் என்ன செய்கிறார்கள் என்பது வியப்பூட்டும் விஷயம். சில சமயம் காலின் பின்புறத்திலிருந்து, போனால் பாதத்தின் ஓரத்தில் சிறிது மரப்பு மட்டுமே மிஞ்சும் ஒரு நரம்பை எடுத்து இடைவெளியில் ஒட்டுவார்கள். வேரே பிடுங்கப்பட்டிருந்தால் ஒட்ட இடமில்லை. அப்போது பக்கத்து நரம்பிடம் கடன் வாங்க வேண்டியதுதான். பிரான்சின் கிறிஸ்தோஃப் ஒபர்லின் 1994இல் வெளியிட்ட முறையில், கைவிரல்களுக்குப் போகும் அல்நார் நரம்பிலிருந்து ஒரே ஒரு இழையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு தைப்பார்கள். தசைக்கு அருகிலேயே தைப்பதால் தூரம் குறைகிறது. சில மாதங்களில் முழங்கை அசையத் தொடங்கும். விலா எலும்புகளுக்கு இடையே மூச்சுக்கு உதவும் நரம்புகளையும் இப்படித் திருப்பிவிடுவதுண்டு. அப்படிச் செய்தவர்களுக்குத் தொடக்கத்தில் மூச்சை இழுத்தால்தான் முழங்கை மடங்கும். பயிற்சி தொடரத் தொடர மூளை புதிய பாதையைக் கற்றுக்கொள்ளும்; பிறகு மூச்சை நினைக்காமலே கை மடங்கும்.

கெடு தாண்டிப்போனவர்களுக்கும் வழி இருக்கிறது. அந்த வழியைச் செப்பனிட்டதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. திருச்சிக்கு வடமேற்கே உள்ள கொல்லிமலையில் சிறுவயதைக் கழித்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய், முழங்கைக்குப் பின்னால் ஓடும் அல்நார் நரம்பைத் தாக்கி விரல்களை வளைத்துவிடும். வேலை செய்யும் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து அந்த விரல்களை அவர் மறுபடி விரிய வைத்தார். விரல்கள் நோயால் உதிர்வதில்லை, உணர்ச்சியற்ற கையில் தெரியாமல் படும் காயங்களாலும் சூட்டாலும்தான் சிதைகின்றன என்று எடுத்துக்காட்டியவரும் அவரே. நரம்பு செத்த எந்தக் கைக்கும் இது பொருந்தும்: சுடுபாத்திரம், அடுப்பு, பைக்கின் சைலன்சர் எல்லாவற்றிலிருந்தும் அதைக் காக்க வேண்டும். இன்று சென்னை ஸ்டான்லி, கோவை கங்கா மருத்துவமனை ஆகியவை கை அறுவைக்குப் பெயர் பெற்றவை. 2018இல் ஸ்டான்லியில் ஒருவருக்கு இரு கைகளையுமே மாற்றிப் பொருத்தினார்கள்.

எல்லா நரம்புக் கோளாறும் இவ்வளவு பெரிதல்ல. பஸ் சீட்டின் மேல் கையைப் போட்டுத் தூங்கி எழுந்ததும் மணிக்கட்டு தொங்கினால், பெரும்பாலும் சில வாரங்களில் தேறும். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து எழுப்பினால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. சர்க்கரையும் தைராய்டும் பாருங்கள்.

விபத்துக்குப் பின் கை அசையவில்லையென்றால் தேதியை மருத்துவச் சீட்டின் தலையில் எழுதிவையுங்கள். மூட்டுகள் இறுகாமலிருக்க, டாக்டர் அனுமதித்ததும், மற்றொரு கையால் தினமும் அசைத்துக்கொடுங்கள். மூன்று வாரம் கழித்து நரம்புக் கடத்தல் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாம் மாதம் முடிவதற்குள் முழங்கை மடங்கவில்லையென்றால், திருச்சி மகாத்மா காந்தி அரசு மருத்துவமனையானாலும் நீங்கள் போகும் வேறு எதுவானாலும், கை அறுவை நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அந்த வாரமே கிளம்புங்கள்.