இட்லிக்கடைக் கழுநீரிலிருந்து பிளாஸ்டிக் வருமா?

மும்பையில் தாராவி, ஆண்டாப் ஹில் பக்கம் சைக்கிளில் இட்லி விற்கக் கிளம்புபவர்கள் வியாபாரம் முடிந்து திரும்பும்போது, வீட்டில் அரிசி களைந்த கழுநீரும் புளித்துப்போன மாவும் மிஞ்சிக் கிடக்கும். சாக்கடைக்குப் போகிற இவற்றைக் கொண்டு, நுண்பாசியின் துணையோடு மக்கும் பிளாஸ்டிக் தயாரிக்கலாம் என்கிறது ஆராய்ச்சி உலகம். முடியும். ஆனால் இதில் பாசிக்கு எந்த வேலையைக் கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

சினெகோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் பஞ்சகாலத்துக்கென்று உடலுக்குள் பி.எச்.பி. என்ற பொருளைச் சேர்த்து வைக்கின்றன. அதைப் பிளாஸ்டிக்போல உருக்கி வார்க்கலாம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். 1926-இல் ஆய்வாளர் மொரீஸ் லெமுவான் பி.எச்.பி.யை முதலில் கண்டது பாக்டீரியாவில். சிக்கல் என்னவென்றால், நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாகக் கிடைக்கும்வரை பாசி பெருகுமே தவிர, பெரிதாக எதையும் சேமிக்காது. சாக்கடை நீரில் இரண்டும் ஏராளம். ஆகவே அதில் வளர்த்து, பிறகு பட்டினி போட வேண்டும். அப்போதும் இயல்பான பாசியில் பெரும்பாலும் உலர் எடையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பாக்டீரியாவோ பாதிக்கு மேல் சேர்க்கும்.

அதனால் ஹைதராபாத் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிலையம் ஆராய்ந்த வழி எனக்குச் சரியாகப் படுகிறது. உணவுக்கழிவைக் காற்றுப் படாமல் புளிக்கவைத்து, மீத்தேனாக மாறுமுன் நிறுத்தினால் அசிட்டிக் முதலான அமிலங்கள் கிடைக்கும். அவற்றைத் தின்று பிளாஸ்டிக்கைச் சேர்ப்பது பாக்டீரியா. மிஞ்சும் நீரைச் சுத்தம் செய்வது பாசி.

மும்பையின் மொத்தச் சாக்கடையையும் பாசியிடம் விட முடியாதா? 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏழு சுத்திகரிப்பு நிலையங்களில் தாராவியும் ஒன்று, அதன் கொள்ளளவு மட்டுமே நாளொன்றுக்கு 41.8 கோடி லிட்டர். பாசிக் குளத்தில் வெயில் அடிவரை இறங்க வேண்டுமானால் ஆழம் சுமார் ஓரடிதான் இருக்கலாம். பாசி சுத்தம் செய்யும்வரை, அந்த ஒரு நிலையத்தின் ஐந்து நாள் நீரைத் தேக்கவே ஏழு சதுர கிலோமீட்டர் வேண்டும். தாராவி மொத்தமே சுமார் 2.4 சதுர கிலோமீட்டர்தான்!

சிறிய, ஒரே மாதிரியான கழிவு என்றால் கதை வேறு. ராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் ஆலை ஒன்று, தன் அமிலக் கழிவுநீரைக் குரோகாக்கஸ் பாசியைக் கொண்டு ஆலை அளவிலேயே சுத்திகரித்தது. இதைப் பற்றிய ஆய்வு 2009-இல் வெளியானது.

இங்கே மும்பையில், ட்ராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய நிசர்க்ருணா நிலையங்கள் ஏற்கெனவே உணவுக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கின்றன. பாசிச் சோதனையைத் தொடங்க வேண்டிய இடம், இப்படிப்பட்ட நிலையங்களில் மிஞ்சும் கரைசல். அது கருத்திருப்பதால் வெயில் உள்ளே போகாது. தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்துதான் பாசிக்குக் கொடுக்க வேண்டும். அந்தத் தண்ணீருக்கு நம் கழுநீரே போதும், சோப்புத் தண்ணீர் கலக்காமல் தனியாகப் பிடித்து வைத்தால்.