ஒளிவிழாவும் சிவப்புத் தொப்பியும்: யாழ்ப்பாண வேலைத்தளங்களில் நத்தார்

டிசம்பர் முதல் வாரம் கழிந்ததும் யாழ்ப்பாணத்தில் இரண்டு வகையான நத்தார் தொடங்கிவிடுகிறது. ஒன்று அலுவலக மண்டபங்களில் நடக்கும் ஒளிவிழா. மற்றது கடை வாசல்களிலும் வங்கி முகப்புகளிலும் நிற்கும் மரம், நத்தார் தாத்தா, விலைக்கழிவுப் பதாகை. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவதை ஊழியர்கள் தங்களுக்காகச் செய்துகொள்கிறார்கள். இரண்டாவதை நிறுவனம் வாடிக்கையாளருக்காக ஊழியரைக் கொண்டு செய்விக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் விட்டால் யாருக்கு என்ன நட்டம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். யாழ்ப்பாணத்தில் தனியார் நிறுவனங்களில் கணக்குப் பகுதியில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். ஒளிவிழாவுக்குக் குடிலும் கட்டியிருக்கிறேன். தலைமையகத்திலிருந்து பெட்டியில் வந்த மரத்தையும் பூட்டியிருக்கிறேன்.

ஒளிவிழா என்பது என்ன?

புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தச் சொல் பழக்கமில்லாமல் இருக்கலாம். பாடசாலை, வைத்தியசாலை, பிரதேச செயலகம், கூட்டுறவுச் சங்கம், வங்கி என ஆட்கள் கூடி வேலை செய்யும் இடங்களில் நத்தாரை முன்னிட்டு நடத்தப்படும் நிகழ்வே ஒளிவிழா. பெரும்பாலும் 25ஆம் திகதிக்கு முன்னரே நடந்து முடிந்துவிடும். பங்குத்தந்தை ஒருவரோ போதகர் ஒருவரோ விருந்தினராக வருவார். மெழுகுதிரி ஏற்றுவார்கள். கரோல் கீதம் பாடுவார்கள். பாலன் பிறப்பை ஊழியர்களோ அவர்களின் பிள்ளைகளோ நடித்துக் காட்டுவார்கள். நத்தார் தாத்தா இனிப்புக் கொடுப்பார். தேநீரோடு கூட்டம் கலையும். செலவுக்கு ஊழியர் நலன்புரிச் சங்கம் ஆளுக்கு இவ்வளவு என்று சேர்க்கும்.

இதற்கு ஒரு சோடி உண்டு. நவராத்திரிக் காலத்தில் அதே மண்டபத்தில் நடக்கும் வாணி விழா. நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் வாணி விழாவுக்குக் கடலை அவிக்கும் பொறுப்பு எப்போதும் பாசையூரைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்க அக்காவிடம்தான் இருக்கும். ஒளிவிழாவுக்குச் சவுக்குக் கிளை வெட்டிவந்து மரமாக நட்டு, வைக்கோல் பரப்பிக் குடில் கட்டுவது சைவப் பெடியங்களின் வேலை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. ஒருவரின் திருநாள் வேலையை மற்றவர் தூக்கிச் செய்தோம், அவ்வளவுதான்.

இந்த மண்ணில் நத்தார் நேற்று வந்ததல்ல. ‘நத்தார்’ என்ற சொல்லே கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் ‘நத்தால்’ என்ற போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கீசர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். அந்தக் காலத்தில் மறைந்து வழிபட்டவர்களின் வழித்தோன்றல்கள்தான் இன்று கரையோரப் பங்குகளில் வாழ்கிறார்கள்.

போர்க்காலத்திலும் நத்தார் நிற்கவில்லை. 1990இற்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் துளித்துளியாகச் செலவழிக்கப்பட்டது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் கரோல் பாடிய தலைமுறை எங்களுடையது. 1993 நவம்பர் 13இல் குருநகர் புனித யாகப்பர் ஆலயம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. 1995 ஜூலை 9இல் நவாலி புனித இராயப்பர் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. அந்த நத்தாரை எத்தனையோ குடும்பங்கள் தென்மராட்சியிலும் வன்னியிலும் அகதிகளாகக் கழித்தன.

தொப்பியும் மரமும் எங்கிருந்து வந்தன?

2009இற்குப் பின் கொழும்பை மையமாகக் கொண்ட வங்கிகள், நிதி நிறுவனங்கள், பல்பொருள் அங்காடிகள் யாழ்ப்பாணத்தில் வரிசையாகக் கிளை திறந்தன. 2013இல் வைத்தியசாலை வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் வந்தது. இவற்றோடு நிறுவன நத்தாரும் வந்தது. சந்தைப்படுத்தல் பிரிவு தலைமையகத்தில் ஒரே வடிவமைப்பைச் செய்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பும். காலியிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே மரம், ஒரே பதாகை, ஒரே பாட்டு. எங்கள் மாரி மழையில் நனைந்து வரும் சனத்தை வாசலில் பஞ்சுப் பனி வரவேற்கும்.

யாழ்ப்பாணத்தில் பெரும்பான்மையினர் சைவர்கள். பிறகேன் நிறுவனங்கள் நத்தாருக்கு இவ்வளவு செலவழிக்கின்றன? டிசம்பரில் புலம்பெயர்ந்த உறவுகள் விடுமுறைக்கு வருகிறார்கள். வர முடியாதவர்கள் காசு அனுப்புகிறார்கள். அடுத்த மாதமே தைப்பொங்கல். ஆக, ஆறு வாரத்துக்கு மக்களின் கையில் கொஞ்சம் காசு புழங்குகிறது. அந்தக் காலப்பகுதிக்கு நிறுவனங்கள் ஒட்டும் பெயர்தான் நத்தார்.

உலகம் முழுவதும் இதே கதைதான். நான்காம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கொலஸ்தான் நத்தார் தாத்தாவின் மூலம். அவரைக் கொழுத்த, தாடி வைத்த கிழவராக அமெரிக்க ஓவியர் தோமஸ் நாஸ்ட் 19ஆம் நூற்றாண்டில் வரைந்தார். 1931 முதல் ஹடன் சண்ட்புளொம் கொக்கா கோலா விளம்பரங்களுக்கு வரைந்த படங்கள் அந்த முகத்தை உலகெங்கும் கொண்டுசென்றன. கிறிஸ்தவர்கள் மிகக் குறைவாக உள்ள ஜப்பானில், 1974இல் கே.எப்.சி. நிறுவனம் நடத்திய விளம்பரத்தால் நத்தார் இரவில் பொரித்த கோழி உண்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. திருநாளின் நம்பிக்கை ஒருபுறம் இருக்க, அதன் நிறமும் பாட்டும் மட்டும் தனியே பயணம் செய்யக்கூடியவை என்பதை வணிகம் நன்றாக அறிந்திருக்கிறது.

எங்கள் டிசம்பர்

மற்ற ஊர்களில் இது வெறும் ரசனைப் பிரச்சினையாக இருக்கலாம். எங்கள் ஊரில் அப்படியில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள் காலை. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் கடல் ஊருக்குள் வந்தது. அடுத்த ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் வைத்து, மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கள் நாட்காட்டியில் 25உம் 26உம் கொண்டாட்டத்தின் நாட்கள் மட்டுமல்ல.

நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில் 26ஆம் திகதி சிறப்பு விற்பனை வைப்பார்கள். விற்பனைப் பிரிவில் எல்லோரும் சிவப்புத் தொப்பி போடவேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. காசாளராக இருந்த பிள்ளை ஒருத்தி வடமராட்சி கிழக்கைச் சேர்ந்தவள். தாயையும் தம்பியையும் கடல் கொண்டுபோயிருந்தது. முதல் ஆண்டு அவள் விடுமுறை கேட்டாள், ஆள் பற்றாது என்றார்கள். காலை 9.25 மணிக்கு நாடெங்கும் சுனாமி நினைவாக இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்படும். அந்த நேரம் எங்கள் ஒலிபெருக்கியில் மணிச் சத்தத்தோடு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தலை குனிந்து நின்றாள். வரிசையில் நின்ற சனம் விளங்கிக்கொண்டு பேசாமல் நின்றது. மேற்பார்வையாளர் வந்து, “தங்கச்சி, தொப்பி எங்க?” என்று கேட்டார். வரிசையில் முதலாவதாக நின்ற ஒரு முதியவர்தான், “தம்பி, மணி என்ன எண்டு பாருங்கோ” என்றார்.

அந்த மேற்பார்வையாளர் கெட்டவர் அல்லர். அவரும் இந்த ஊர்க்காரர்தான். தொப்பி பற்றிய அறிவுறுத்தல் அவர் கையில் எழுத்தில் இருந்தது. 9.25 பற்றி எதுவும் இருக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். அதன்கீழ் தனியார் துறைக்குச் சம்பளத்துடன் கூடிய சட்டபூர்வ விடுமுறைகள் எட்டு: தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் மறுநாள், மீலாத்துன் நபி, நத்தார். பெரிய வெள்ளி, மகா சிவராத்திரி, தீபாவளி ஆகியவை அரச விடுமுறையாகவும் வங்கி விடுமுறையாகவும் இருந்தாலும் இந்த எட்டுக்குள் இல்லை. தீபாவளியன்று யாழ்ப்பாணத்துத் தனியார் கடை ஊழியருக்கு விடுமுறை கிடைப்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது.

நத்தாரன்று வேலைக்கு அழைத்தால் வேறொரு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும், அல்லது இரட்டிப்புச் சம்பளம் தரவேண்டும். வழமையான வேலை நேரம் வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் மேலதிக நேர வேலை வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு ஒன்றரை மடங்குக் கொடுப்பனவு. பண்டிகைக் காலத்தில் கடை இரவு நெடுநேரம் திறந்திருக்கும்போது இந்தக் கணக்கை ஊழியர் தாமே ஒரு கொப்பியில் எழுதிவைப்பது நல்லது. முறைப்பாடு செய்ய வேண்டி வந்தால் தொழில் திணைக்களத்தில் அந்தக் கொப்பி உதவும்.

போனஸ் வேறு விடயம். இந்தியாவில் சட்டப்படி தகுதியுள்ள தொழிலாளருக்குக் குறைந்தது 8.33 வீத போனஸ் கட்டாயம். இலங்கைத் தனியார் துறையில் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. ஆகவே வாசலில் எவ்வளவு உயரமாக மரம் நின்றாலும் உள்ளே நிற்பவரின் கையில் ஏதும் விழவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

மரத்தின் உயரம்

2016இல் கொழும்பு காலிமுகத்திடலில் உலகின் மிக உயரமான செயற்கை நத்தார் மரம் எழுப்பப்பட்டது. அப்போது துறைமுக அமைச்சராக இருந்த அர்ஜுன ரணதுங்கவின் முயற்சி அது. காசு வீணாகிறது, அதை ஏழைகளுக்குச் செலவிடலாம் என்று பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் கண்டித்ததால் வேலை இடையில் நிறுத்தப்பட்டுப் பின்னர் தொடர்ந்தது. 72.1 மீற்றர் உயரத்துக்குக் கின்னஸ் சாதனையும் கிடைத்தது. மரத்தை எதிர்த்தவர் திருச்சபைத் தலைவர், தாங்கி நின்றவர் ஒரு பௌத்த அமைச்சர் என்பதைக் கவனிக்க வேண்டும். திருநாளின் உரிமையாளரிடம் கேட்காமல் அதன் அடையாளத்தை எடுத்து உயர்த்தினால் இப்படித்தான் நடக்கும்.

என்ன செய்யலாம்?

யாழ்ப்பாணத்தில் நிறுவனம் நடத்துவோருக்குப் பெரிய செலவில்லாத சில காரியங்கள் உண்டு. தொப்பியும் உடுப்பும் விரும்பியவர்களுக்கு மட்டும் இருக்கட்டும். 24ஆம் திகதி மாலை கிறிஸ்தவ ஊழியர்களை நேரத்தோடு அனுப்பி, அந்த முறையை மற்றவர்கள் எடுக்கட்டும். தீபாவளிக்கு அதைத் திருப்பிச் செய்யலாம். மரத்துக்குப் பதில் சவுக்குக் கிளையும், அன்பளிப்புக்குப் பனையோலைப் பெட்டியும், ஊர்ப் பெண்கள் செய்யும் பயற்றம் பணியாரமும் கேக்கும் வாங்கினால் அந்தக் காசு இங்கேயே நிற்கும். கரோல் பாட வரும் பங்குப் பிள்ளைகளுக்கு வெறும் குளிர்பானத்தோடு நன்றி சொல்லாமல் ஒரு தொகை கொடுக்கலாம். 26ஆம் திகதி 9.25இற்கு ஒலிபெருக்கியை நிறுத்துவதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை, கிளை முகாமையாளரின் ஒரு விரல் போதும்.

வெளிநாட்டில் நிறுவனங்களில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கு வந்து பொருள் வாங்கும்போது காசாளரிடம், “நத்தாருக்கு உங்களுக்கு லீவு உண்டா?” என்று கேட்டுப்பாருங்கள். வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி தலைமையகம் வரை போகும். ஊழியர் கேட்டால் அது பெரும்பாலும் மேற்பார்வையாளரோடு நின்றுவிடும்.

மேலே சொன்ன அந்தப் பிள்ளை இப்போது வேறோர் இடத்தில் வேலை செய்கிறாள். அங்கே ஒளிவிழாவில் கரோலுக்கு அவள்தான் முதற்குரல். 26ஆம் திகதி அவளுக்கு விடுமுறை. கேட்காமலே எழுதிவைத்திருக்கிறார்கள்.