எண்ணிலிருந்து ஒலி

பெங்களூரு நகரின் சதர் பத்ரப்பா சாலை மின்னணு உதிரிப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. அங்கு கிடைக்கும் 10 கிலோ ஓம் மின்தடைகள் 25-ஐக் கொண்டு, எண்களாகச் சேமித்த பேச்சை வீட்டிலேயே மீண்டும் ஒலிக்கச் செய்யலாம்.

பேச்சின் அலையை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 0 முதல் 255 வரையுள்ள எண்ணாகக் குறிப்பர். மைக்ரோகண்ட்ரோலர் அவ்வெண்களை அதே வேகத்தில் தன் 8 முனைகளின் வழியே வெளியிடும். அம்முனைகளுடன் மின்தடைகளை ஏணிபோல் இணைத்தல் வேண்டும். ஏணியின் 8 படிகளிலும் அடிக்கோடியிலும் இவ்விரண்டு மின்தடைகள் தொடராக அமையும். அடுத்தடுத்த படிகளை ஒவ்வொன்று இணைக்கும். இதனால் தலைமுனை அரைப்பங்கு மின்னழுத்தத்தையும், அடுத்தது காற்பங்கையும், அதற்கடுத்தது அரைக்காற்பங்கையும் தரும். இவற்றின் கூட்டே ஒலியலையின் வடிவம். வெளிவாயிலில் 4.7 நானோஃபாரட் மின்தேக்கியைச் சேர்த்தால் அலையின் படிக்கட்டு வடிவம் மழுங்கும். பின்னர் அதனைப் பெருக்கிக்குச் செலுத்தலாம்.

இங்கு ஒரு பிழை நேர்வதுண்டு. தலைப்படியின் மின்தடை 5 சதவீதம் மிகுந்திருப்பின், எண் 127-லிருந்து 128-க்கு ஏறும்போது மின்னழுத்தம் ஏறுவதற்குப் பதில் இறங்கிவிடும். அமைதியின் நிலை 128 ஆதலால், மெல்லிய ஒலிகளே அவ்விடத்தை ஓயாது கடக்கின்றன. அவையே முதலில் கரகரக்கும். ஆகவே மின்தடைகளைச் சற்று மிகுதியாக வாங்கி, மல்டிமீட்டரால் அளந்து, மிக நெருங்கியவற்றைத் தலைப்பக்கத்தில் அமைத்தல் நலம். அளவையின் அருமையை மாணவர் தம் செவியாலேயே உணர்வதற்கு இஃது எளிய சோதனையாகும்.