தரையில் பிறந்த மேசை

ஷூ போட்டிருக்கிறீர்கள்தானே? அப்படியென்றால் உள்ளே வாங்க. பொறியெல்லாம் காலடியில்தான் உதிரும்.

கோவை கணபதியில் ஒரு வீட்டின் கார் ஷெட் இது. காரைத் தெருவில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே சதுரக் குழாய்கள், கிரைண்டர், கேபிள் சுருள், பாதி குடித்த டீ டம்ளர்கள். அளவுகளையெல்லாம் தரையிலேயே சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்கள். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற வீட்டுக்காரர், இனி வீட்டுக்கு வேண்டிய கேட், கிரில் எல்லாம் தானே செய்யப்போகிறார். அதற்கு முதலில் ஓர் இரும்பு மேசை வேண்டும். ஆனால் மேசை செய்ய மேசை ஏது? அவரும் மருமகனும் தரையில் குந்தி உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்கள்!

நாலடிக்கு இரண்டடி சட்டம். நான்கு மூலையிலும் வெல்டிங்கில் பொட்டுப் பொட்டாக ஒட்டவைத்தாயிற்று. இப்போதுதான் நாடகமே. மூலைக்கு மூலை டேப் பிடிக்கிறார்கள். குறுக்களவு இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மூலையெல்லாம் செங்கோணம்.

"மாமா, மூணு எம்.எம். இழுக்குதுங்க."

"இழுத்தா தட்டு கண்ணு."

டங்! மறுபடி டேப். இப்போது எதிர்ப்பக்கம் இழுக்கிறது. மறுபடி டங்! நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். பற்ற வைத்த இடம் ஆறும்போது சுருங்கி இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளுமாம். அதனால்தான் ஒரு மூலை முடிந்ததும் எதிர் மூலைக்குத் தாவுகிறார்கள்.

"கண்ணு பத்திரம்!" என்று குரல் வந்ததும் முகமூடியை இறக்கிக்கொள்ளுங்கள். வெறும் கண்ணால் பார்த்தால் ராத்திரி முழுக்க மண் விழுந்தமாதிரி உறுத்தும். கருப்புக் கண்ணாடிக்குள் உருகிய இரும்பு பச்சையாக ஒரு சின்னக் குளம்போல் மெல்ல நகர்கிறது. வெல்டிங் ராடு தீர்ந்ததும் மேலே படிந்த கருப்பு ஓட்டைச் சுத்தியலால் தட்டினால் பொட்டென்று உதிர்கிறது. அடியில் பளபளவென்று அலை அலையாக வரிகள்! எவ்வளவு அழகு! பெயிண்ட் அடித்துவிட்டால் இதை யார் பார்க்கப்போகிறார்கள்?

தோல் கையுறையைக் கழற்றினால் கை ஊறிப்போயிருக்கிறது. பருத்திச் சட்டை முழுக்கப் பொறி போட்ட ஊசித் துளைகள். டீ ஆறிவிட்டது என்று அத்தை சலித்துக்கொள்ள, "இப்பப் பத்தவெச்ச மூலைல வை, சூடாயிரும்" என்கிறார் மாமா.

மழைத்தண்ணீர் ஓடுவதற்காக ஷெட் தரை சரிவாக இருக்கிறது. மேசை ஆடாதா? அதற்கும் மாமா வழி வைத்திருக்கிறார். மேசைக் காலுக்கு அடியில் நட்டைப் பற்றவைத்து, போல்ட்டைத் திருகி உயரம் சரிபார்க்கிறார்கள்.

அடுத்து மேல்தகடு. 10 மி.மீ. கனம், 58 கிலோ! பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார்கள். "ஏலேலோ" போடாத குறைதான். தகட்டைச் சுற்றி முழுக்கப் பற்றவைக்கவில்லை. சூட்டில் வளைந்துவிடும் என்பதால் இங்கொன்றும் அங்கொன்றுமாக, அடியிலிருந்து சின்னச் சின்னத் தையல்.

காலுக்கு ரெட் ஆக்சைடு அடித்தாயிற்று. மேல்தகட்டுக்கு மட்டும் பெயிண்ட் கிடையாது, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்புதான். வெறும் இரும்பாக இருந்தால்தான் எர்த் கிளாம்ப்பைத் தகட்டில் எங்கே கவ்வ வைத்தாலும் கரண்ட் ஓடும்.

மருமகன் மேலே ஏறி நின்று குதிக்கிறான். மேசை அசையவே இல்லை! அவன் இறங்குவதற்குள், தகடு தூக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களில் ஒருவர் மல்லிகைக் கொடிக்குப் பந்தல் வேண்டும் என்று அளவு சொல்ல ஆரம்பித்துவிட்டார். மாமா சாக்பீஸைத் தேடுகிறார்.