பெயர் சொல்லு, அப்புறம் பிற! சர்வர்களின் பெயர்சூட்டு விழா தெரியுமா?

கீபோர்டை யாரும் தொடாமலே நூறு சர்வர்கள் ஒரே இரவில் தாமாக லினக்ஸை நிறுவிக்கொள்ளும், தெரியுமா? ஆனால் அந்த நூறையும் ஒரே ஒரு கேள்வி நிறுத்திவிடலாம்: "உன் பெயர் என்ன?"

டெபியன் லினக்ஸில் 'பிரீசீட்' என்று ஒரு கோப்பு உண்டு. நிறுவும்போது வரும் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த விடைத்தாள் அது! அதை நெட்வொர்க் வழியாக அனுப்பினால் என்ன ஆகும் தெரியுமா? கோப்பு வந்து சேர நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க்கை அமைக்கும்போதே இன்ஸ்டாலர் கணினியின் பெயரான ஹோஸ்ட்நேமையும், அது சேர்ந்த டொமைனையும் கேட்டுவிடும். பரீட்சை முடிந்த பிறகு விடைத்தாள் வந்து என்ன பயன்! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பூட் ஆகும் வரியிலேயே இரண்டு பெயர்களையும் எழுதிவிடுகிறார்கள்.

இன்னும் கேளுங்கள்! விடைத்தாளில் ஒரு பெயர், நெட்வொர்க்கில் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் கொடுப்பது இன்னொரு பெயர் என்றால் எது ஜெயிக்கும்? டிஹெச்சிபி கொடுத்ததுதான்! விடைத்தாளில் 'கெட் ஹோஸ்ட்நேம்' என்று எழுதினால் அப்படி. அதிலிருந்து 'கெட்'டை எடுத்துவிட்டு வெறும் 'ஹோஸ்ட்நேம்' என்று எழுதிப் பாருங்கள், டிஹெச்சிபி என்ன சொன்னாலும் உங்கள் பெயர்தான் நிற்கும்! ஒரு குட்டிச் சொல்லில் அதிகாரமே கைமாறுகிறது. இந்த நுணுக்கம் எனக்கு எப்போதும் வியப்புதான்!

டெபியன் தரும் மாதிரிக் கோப்பில் என்ன பெயர் இருக்கிறது தெரியுமா? 'அன்அசைன்டு-ஹோஸ்ட்நேம்'! 'பெயர் சூட்டப்படாதவன்' என்பதே பெயர்!

டொமைனோடு சேர்ந்த ஒரு பெயர் எவ்வளவு நீளலாம்? புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே 63 எழுத்து, மொத்தம் 253. லினக்ஸ் ஹோஸ்ட்நேமுக்கு 64. விண்டோஸின் பழைய நெட்பயாஸ் பெயருக்கோ வெறும் 15!

இணையத்தின் தாத்தாவான அர்பாநெட்டில், எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன, நம்புவீர்களா? கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அதைக் கையாலேயே பராமரித்தது. புதுக் கணினியா? அலுவலக நேரத்தில் போன் போட்டுப் பெயரைப் பதிய வேண்டும்! 1983இல் பால் மொக்காபெட்ரிஸ், பெயருக்குரிய முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை வடிவமைத்த பிறகுதான் அந்தச் சுமை இறங்கத் தொடங்கியது.

கணினிக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று 1990இல் ஓர் இணைய ஆவணமே வந்தது! உங்கள் சொந்தப் பெயரை வைக்காதீர்கள், திட்டத்தின் பெயரையும் வைக்காதீர்கள், நிறங்கள், பூக்கள் என்று ஒரு வரிசையாக வையுங்கள் என்றது.

ஒரு கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ள எத்தனை முகவரிகள் ஒதுக்கியிருக்கிறார்கள் தெரியுமா? 1,67,77,216! 127 என்று தொடங்குபவை அத்தனையும்! அதில் 127.0.1.1ஐ, நிலையான ஐபி இல்லாத கணினியின் சொந்தப் பெயருக்கு டெபியன் கொடுக்கிறது.

தமிழில் டொமைன் உண்டா? உண்டே! .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் இருக்கின்றன! ஆனால் டிஎன்எஸ்ஸுக்குள் அவை ரோமன் எழுத்து, எண், சிறுகோடு கலந்த குறியீடாக உருமாறித்தான் பயணிக்கும். 'சிங்கப்பூர்' நமக்கு 6 எழுத்து. உள்ளே அது எத்தனை தெரியுமா? 22!