நீல மாத்திரையும் தேநீர்க் குவளையும்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்திலுள்ள ஏழாயிரம்பண்ணை, மானாவாரி வேளாண்மையோடு பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களையும் நம்பி வாழும் கரிசல் நிலத்து ஊராகும். தாய்மார் காலையிலேயே வேலைக்குப் புறப்பட்டுவிடும் இத்தகைய ஊர்களில், வெறும் தேநீரோடு பள்ளிக்கு வந்துவிட நேரும் மாணவியருக்கு இரத்தசோகையைப் பற்றிக் கற்பிப்பதென்பது சத்துணவுப் பட்டியலை ஒப்பிக்கச் செய்வதோடு முடிந்துவிடுவதன்று.

சிவப்பணுக்களில் அமைந்து உடலெங்கும் உயிர்வளியைக் கொண்டு சேர்க்கும் ஹீமோகுளோபின், வளரிளம் பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் அந்நிலை இரத்தசோகை எனப்படுகிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் இந்நிலையில் இருந்தனர். ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருப்பதால், உடல் விரைந்து வளரும் அதே பருவத்தில் மாதந்தோறும் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு கணக்கிலிருந்து கழிந்துகொண்டே இருக்கிறது. சோர்வையும் படிப்பில் கவனச் சிதறலையும் சோம்பல் என்று வீட்டார் கண்டிப்பது, பெரும்பாலும் இந்தக் கணக்கை அறியாததால்தான்.

இழப்பை ஈடுசெய்யப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை வழங்கப்படும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும், புதிய இரத்த அணுக்கள் உருவாகத் தேவையான ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராமும் உள்ளன. நாள்தோறும் கொடுக்காமல் வாரம் ஒருமுறை கொடுப்பது சிக்கனம் கருதி மட்டுமன்று. குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், புதிதாகத் தோன்றிய செல்கள் இரும்பை நன்கு ஏற்கும் என்னும் கருத்தும், பக்கவிளைவுகள் குறையும் என்னும் எதிர்பார்ப்பும் இம்முறைக்கு அடிப்படையாயின. வெறுங்காலோடு நடப்போரின் தோல் வழியாக உடலுக்குள் புகுந்து குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவை ஒழிக்க, ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல் மாத்திரையும் தரப்படுகிறது.

வகுப்பறையில் உண்மையில் விரித்துச் சொல்லவேண்டியது இரும்பு உறிஞ்சப்படும் முறையே. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின் இரும்பைப் பற்றிக்கொண்டு, உடல் அதனை ஏற்பதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக்கூடும் என்பதால், உணவுக்கும் தேநீருக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். கீரையிலும் கம்பிலும் உள்ள இரும்பு எளிதில் சேராது; எனினும் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ உடன் சேரும்போது அதிலுள்ள வைட்டமின் சி இந்நிலையை மாற்றுகிறது. இரவெல்லாம் புளிக்கவைத்த கம்பங்கூழில், இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட் குறைந்துவிடுகிறது என்பதை அறியாமலே கரிசல் நிலத்தார் அதைக் காய்ச்சிக் குடித்துவந்தனர். சுவரொட்டி என்று கறிக்கடையில் கேட்டு வாங்கப்படும் ஆட்டு மண்ணீரலின் இரும்போ நேரடியாகவே சேரக்கூடியது.

தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், மதிய உணவுத் திட்டம் பத்தாம் வகுப்பு வரைக்குமே உரியவை. ஆகவே, இரும்பு மிகுதியாகத் தேவைப்படும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கின்றனர். வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிக் குமட்டல் கண்டவள் அடுத்த வாரம் அதனைச் சன்னல் வழியே எறிந்துவிடக்கூடும் என்பதாலேயே, உணவுக்குப் பின் ஆசிரியரும் உடன் விழுங்கிக் காட்டவேண்டும் என்றும், மலம் கருமையாவது இயல்பே என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றும் வலியுறுத்தப்படுகிறது.