கோல சிலாங்கூரில் வீடு வாங்குறீங்களா? முதலில் கிராண்டைப் பாருங்க

தோட்டத்தை விட்டு வந்து, கோல சிலாங்கூர் வட்டாரத்திலேயே சொந்த வீடு தேடுறீங்களா?

கோலாலம்பூர் பக்கம் வேலை என்றால், 2011இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலையை ஒட்டிய ஈஜோக் வசதி. டோல் செலவையும் மாதக் கணக்கில் சேர்த்துக்குங்க.

முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா என்றால், சிலாங்கூர் ஆறு பெருகும்போது அந்தத் தாமானில் வெள்ளம் ஏறுமா என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்க.

எந்த இடமானாலும், புக்கிங் பணம் கட்டும் முன் நில அலுவலகத்தில் கிராண்டைச் சரிபாருங்க. 'மலாய் ரிசர்வ்' நிலம் என்றிருந்தால் நம் பெயருக்கு மாற்ற முடியாது. லீஸ்ஹோல்டு என்றால், பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். குத்தகையில் மிச்சமுள்ள ஆண்டுகள் குறைந்தால் வங்கிக் கடன் கிடைப்பதும் சிரமம்.

விலை பேசுவது அதற்குப் பிறகுதான்.